தோழி சொன்ன பொய்யும் மெய்யும்

மனத்துக்குள் ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டு அரைப்பதைச் சொல்ல எங்கள் கறம்பக்குடிப் பக்கத்துப் பெண்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ‘மனசுல போட்டு உழப்பிக்கிட்டுக் கெடக்கேன்’ என்பார்கள். ‘அது உள்ள கெடந்து அரிக்குது’ என்பார்கள். உளவியல் எழுதுபவர்கள் இதற்கு ‘அசைபோடுதல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலச் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் தமிழில் நாம் அசைபோடுவது பெரும்பாலும் இனிய நினைவுகளை. மேலும், மாடு அசைபோட்டால் தீனி செரிக்கிறது. நடுச்சாமத்தில் விழித்துக் கிடக்கும் பெண் எத்தனை முறை மென்றாலும் அவள் மெல்வது செரிப்பதில்லை. ‘அரிக்குது’ என்பதே சரியான சொல். சொறியச் சொறியப் புண்ணாகும். சொறியாமல் இருக்கவும் முடியாது.

இந்த அரிப்புக்கு மருந்தாக இன்று பெண்களிடம் ஒரே வாக்கியம்தான் விற்கப்படுகிறது: ‘எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும்.’ கல்லூரியில் மகளிர் தினக் கூட்டம் என்றால் ஒலிபெருக்கியில் இதைக் கேட்கலாம். சுயமுன்னேற்றப் புத்தகத்தின் பின்னட்டையில் இதைப் படிக்கலாம். கூட்டம் முடிந்து வரும் மாணவி, ‘மேம், பாசிட்டிவாத்தான் நினைக்கப் பாக்குறேன். முடியலன்னா அதுக்கும் நான்தான் காரணமோன்னு இன்னும் பயமா இருக்கு’ என்கிறாள். ஏற்கெனவே இருந்த பாரத்தின் மேல் இன்னொரு மூட்டை. எண்ணத்தை மாற்றத் தெரியாதவள் என்பது அவள் மீதான புதிய குற்றச்சாட்டு ஆகிவிட்டது.

எண்ணத்தை மாற்றிப் பார்ப்பது பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் உண்மையான பயன் உண்டு. ஆனால் எந்த எண்ணத்தை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது, அதை யார் துணையோடு முடிவு செய்வது என்ற கேள்விகளை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகிறது. இந்தக் கேள்விகளைக் கேட்க நான் போவது குறுந்தொகைக்கு. அங்கே ஒருத்தி இருக்கிறாள். வருந்தும் பெண்ணைத் தேற்றுவதே அவள் வேலை. தோழி என்பது அவள் பெயர்.

அதற்கு முன், இந்த மருத்துவ முறை உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வுற்ற நோயாளிகளோடு பேசும்போது ஒன்றைக் கவனித்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் மனத்தில் தானாக வந்து விழும் எண்ணங்கள் இருட்டாகவே இருந்தன. அவற்றை அவர்கள் எண்ணம் என்று நினைக்கவில்லை. உண்மை என்றே நம்பினார்கள். பெக் அவர்களிடம் ‘நல்லதை நினை’ என்று சொல்லவில்லை. ‘இப்படி நினைக்க என்ன ஆதாரம்? இதற்கு எதிரான ஆதாரம் உண்டா? வேறு விதமாகவும் விளக்க முடியுமா?’ என்று நோயாளியோடு சேர்ந்து தேடினார். இந்த முறையில் இன்றும் கேட்கப்படும் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்: ‘இதே நிலையில் உன் தோழி இருந்தால் அவளிடம் என்ன சொல்வாய்?’

ஆக, மூல முறையில் இருந்தது விசாரணை. மேடைக்கு வரும்போது அது உபதேசம் ஆகிவிட்டது. விசாரணையில் எண்ணம் மெய்யென்றும் முடிவாகலாம், பொய்யென்றும் முடிவாகலாம். உபதேசத்துக்கோ முடிவு முன்பே தெரியும்: தப்பு உன் எண்ணத்தில்தான்.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டது. விழுந்த தென்னைகளுக்கு நடுவே நின்ற பெண்கள் பலரின் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது: ‘மரமெல்லாம் போச்சு. புதுசா நட்டாலும் காய்க்க அஞ்சாறு வருசமாகும். கடன் அப்படியே இருக்கு. இனிமே எங்க எந்திரிக்கப் போறோம். நான் அடியெடுத்து வச்ச நேரமே சரியில்ல, ராசியில்லாதவ.’ ஒரே மூச்சில் வந்தாலும் இவை ஒரே வகை எண்ணங்கள் அல்ல. முதல் மூன்றும் கணக்கு; மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது ஆரூடம், பொறுத்திருந்து பார்க்கலாம். ஐந்தாவது பொய். அந்தப் பொய்யும் அவள் தலையில் தானாக முளைத்ததல்ல. வீட்டுக்கு வந்த மருமகள் மேல் ஊர் ஏற்றிவைத்தது. ‘பாசிட்டிவாக நினை’ என்பவர் இந்த ஐந்தையும் ஒரே துணியால் மூடிவிடுகிறார். பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. இப்போது தோழியிடம் போகலாம்.

குறுந்தொகையின் 66ஆம் பாடலில் தலைவி கலங்கி நிற்கிறாள். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை வந்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது. தோழி என்ன செய்கிறாள்? இது கார்காலமே அல்ல, காலம் தப்பிப் பெய்த மழையைப் பார்த்துக் கொன்றை மரம் அறிவில்லாமல் ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். பருவம் அன்று என்று வற்புறுத்துவது என இதற்குத் துறை வகுத்திருக்கிறார்கள்.

பாடலின் அழகில் நாம் எல்லோரும் மயங்கியிருக்கிறோம். வகுப்பில் நானும் மயங்கித்தான் நடத்துகிறேன். ஆனால் நடப்பதைப் பாருங்கள். வானம் சாட்சி சொல்கிறது, மரம் சாட்சி சொல்கிறது. தோழி சாட்சிகளைப் பொய்யர்கள் ஆக்குகிறாள். மரம்தான் முட்டாள், அவன் பொய்யன் அல்லன். அன்பினால் சொன்ன பொய்தான். ஓர் இரவைக் கடக்க அது உதவலாம். ஆனால் இதில் தப்பித்துக்கொள்வது யார்? வாக்குத் தவறியவன். இன்றைய மேடைப் பேச்சின் முன்னோடியை நான் இங்கே பார்க்கிறேன். குடிக்கிற கணவனைப் பற்றி, கூலி தராத முதலாளியைப் பற்றி, வழியில் மறித்துப் பேசுகிறவனைப் பற்றி ஒரு பெண் சொல்லும்போது, ‘நீ பார்க்கிற பார்வையை மாத்திக்க’ என்றால், அது கொன்றையைக் குற்றவாளி ஆக்கும் வேலைதான்.

21ஆம் பாடலில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஓதலாந்தையார் பாடியது. இங்கே தலைவியே பேசுகிறாள்: காடு முழுக்கக் கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். இதை உறுதியான காதலின் சான்றாகப் படிப்பது வழக்கம். ஆனால் பாடலின் அடியில் உள்ள துறைக்குறிப்பு வேறொரு கதை சொல்கிறது. பருவம் வரும்வரை எப்படியோ தேற்றிவந்த தோழி, ‘இனி இவளை எப்படித் தேற்றுவேன்’ என்று தனக்குள் கவலைப்படுகிறாள். அதைத் தலைவி முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறாள். அறிந்து, ‘நான் தாங்கிக்கொள்வேன்’ என்பது தோன்ற இப்படிப் பேசுகிறாள். அதாவது, தேற்ற வந்தவளைத் தேற்றுகிறாள்.

‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று அம்மாவிடம் போனில் சொல்லும் மகள்கள் எல்லோரும் இந்தப் பாடலுக்குள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம் என்று வெளியே தெரிவது பல நேரம் அடுத்தவர் கவலைப்படக் கூடாது என்று போட்டுக்கொள்ளும் முகம். அந்த முகத்துக்குப் பின்னால் இரவில் என்ன நடக்கிறது என்பதை 28ஆம் பாடலில் ஔவையார் எழுதியிருக்கிறார். மோதுவதா, தாக்குவதா, கத்துவதா என்று தெரியாமல் ஒருத்தி தவிக்கிறாள். அவள் நோயை அறியாமல் ஊர் தூங்குகிறது. அவளுடைய கோபம் முழுவதும் அந்த ஊரின் தூக்கத்தின் மேல்.

ஊர் தூங்க, பெண் மட்டும் ஏன் விழித்திருக்கிறாள்? இந்தக் கேள்வியை அறிவியலாகக் கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹெக்ஸிமா. 1989இல் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையைப் பதிவு செய்திருந்தார். துயரத்தையே சுற்றிச் சுற்றி நினைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், நிலநடுக்கத்துக்குப் பின் அதிகச் சோர்வுக்கு ஆளானார்கள் என்று கண்டார். பெண்களிடம் இந்தப் பழக்கம் ஆண்களைவிட அதிகம் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. இதுவரை படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, பெண் புத்தியே இப்படித்தான்’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. 1999இல் அவர் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வை அவர்கள் படிப்பதில்லை. தீராத வாழ்க்கை நெருக்கடி, தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற உணர்வு, அரித்துக்கொண்டே இருக்கும் நினைப்பு ஆகிய மூன்றும் பெண்களிடம் அதிகமாக இருப்பதையும், ஒன்றை ஒன்று ஊட்டி வளர்ப்பதையும் அது சொன்னது. வீட்டு வேலை ஒருத்தியின் தலையிலேயே விழுவதும், துணைவனிடமிருந்து மதிப்புக் கிடைக்காததும் அந்த நெருக்கடிக் கணக்கில் சேர்ந்தவை. ஆகவே நினைப்பை மட்டும் தனியே பிடுங்கி எறிய முடியாது. அதன் வேர் சமையலறைக்குள்ளும் சம்பளச் சீட்டுக்குள்ளும் ஓடுகிறது.

தோழிக்குப் பொய் சொல்வது மட்டுமே தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அவளிடம் இன்னொரு கலை இருக்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாடலைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். தேவகுலத்தார் பாடியது. தன் நட்பு நிலம், வானம், கடல் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று தலைவி சொல்லும் பாடல். அதைத் தனிப் பாட்டாகவே மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் துறைக்குறிப்பின்படி அது ஒரு பதில். தோழி தலைவனின் இயல்பைப் பழிக்கிறாள். அதைக் கேட்ட தலைவி அவன் இயல்பை எடுத்துரைக்கிறாள். முன்னது இயற்பழித்தல், பின்னது இயற்பட மொழிதல்.

தோழி செய்தது என்ன? தலைவியின் மனத்துக்குள் அரித்துக்கொண்டிருந்த ஐயத்தை வெளியே எடுத்துத் தன் வாயால் சொல்லிவிட்டாள். ‘அவன் நல்லவன், கவலைப்படாதே’ என்று தோழி சொல்லியிருந்தால், ‘எங்கே, காணோமே’ என்று தலைவி ஐயத்தின் பக்கம் பேசியிருப்பாள். தோழி ஐயத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டதால், தலைவி மறுபக்கம் நின்று தன் சொற்களைத் தானே தேட வேண்டியதாயிற்று. நம்பிக்கை ஊட்டப்படவில்லை, அவளே அதை வாதாடி எடுத்தாள். தானே வந்தடைந்த முடிவுதான் நிற்கும் என்பது மனநல ஆலோசனை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. தலைவன் அப்போது வேலிக்கு அப்பால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு. பெண்ணின் மனத்தை ஆற்றும் அதே சொல் ஆணின் நடத்தையை மாற்றவும் வீசப்படுகிறது. இதைத்தான் இன்றைய சுயமுன்னேற்றம் தொலைத்துவிட்டது. அதன் சிறைப்புறத்தில் யாருமே நிற்பதில்லை. பெண்ணிடம் பேசுகிறது, பெண்ணை மாற்றுகிறது, பெண்ணோடு முடிந்துவிடுகிறது.

தோழி பக்கத்தில் இல்லாத பெண் என்ன செய்வாள்? திருக்குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’. அங்கே தலைவி தன் நெஞ்சை எதிரே உட்காரவைத்துப் பேசுகிறாள். மருந்து கேட்கிறாள், அன்பில்லாதவருக்காக வருந்துவது பேதைமை என்று திட்டுகிறாள். ‘நான்’ என்று புலம்பாமல் ‘நீ’ என்று கூப்பிடும்போது துயரத்துக்கும் தனக்கும் நடுவே ஒரு திண்ணை அகலம் இடம் கிடைக்கிறது. தன்னைப் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ அழைத்துப் பேசிக்கொள்வது பதற்றத்தைத் தணிக்கிறது என்று ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் சோதனைகள் மூலம் எழுதினார்கள். ‘ஏண்டி, உனக்கு அறிவிருக்கா’ என்று பாத்திரம் கழுவிக்கொண்டே தன்னைத் தானே அதட்டிக்கொள்ளும் பெண்களை நான் இனிக் கேலியாகப் பார்க்கமாட்டேன்.

மூன்றாவது வேலைதான் மிகப் பெரியது. தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகன் அணங்கியது என்று வேலனை அழைத்து வெறியாடச் சொல்வாள். கட்டுவிச்சியை அழைத்து நெல்லை வைத்துக் குறி பார்ப்பாள். பெண்ணின் துயரத்துக்குத் தவறான பெயர் சூட்டும் வழக்கம் அவ்வளவு பழையது. அன்று அணங்கு, இன்று ‘நெகட்டிவ் எனர்ஜி’. ஔவையாரின் 23ஆம் பாடலில் தோழி அந்த இடத்தில் குறுக்கிடுகிறாள். கட்டுவிச்சி பாடும்போது ஒரு மலையின் பெயர் வருகிறது. அந்த மலையைப் பற்றிய பாட்டை இன்னொரு முறை பாடு என்கிறாள். அவ்வளவுதான். தாய்க்குப் புரிய வேண்டியது புரிந்துவிடுகிறது. இதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். எண்ணத்தை மாற்றவில்லை, உண்மையை உரிய காதில் போட்டு நிலைமையை மாற்றுகிறாள். தேற்றுவதற்கு வைத்த துறைப்பெயர்களில் ‘அறம்’ என்ற சொல் இதற்கு வாய்த்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மரபின் எல்லையும் தெரிகிறது. அறத்தொடு நின்றாலும் முடிவு திருமணம்தான். அதற்கு அப்பால் ஒரு பெண்ணின் துயரம் என்னவாக இருக்கும் என்று அகப்பாடல் அதிகம் கேட்பதில்லை. தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அவளை அரிப்பது எது என்று எந்தப் பாடலும் கேட்கவில்லை. தேற்றுகிறவளின் உழைப்பு அன்றும் கணக்கில் வராதது.

தோழமையிலும் ஒரு பொறி உண்டு. சிநேகிதிகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே கவலையை மணிக்கணக்கில் பேசினால் நெருக்கம் கூடுகிறது, சோர்வும் கூடுகிறது என்று அமண்டா ரோஸ் 2002 முதல் எழுதிவருகிறார். விடுதி அறைகளில் இதை நாம் பார்க்கிறோம். அகப்பாடல் தோழியின் பேச்சு அப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. பழிப்பாள், எதிர்வாதம் செய்ய வைப்பாள், தாயிடம் போவாள், வேலிக்கு அப்பால் இருப்பவனுக்குக் கேட்கும்படி பேசுவாள். அடுத்து ஒரு செயல் இருக்கும்.

அந்தச் செயல் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டமே இரண்டு பாடம் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ‘ஊர் சிரிக்கும், விழுந்துவிடுவேன், பொம்பளைக்கு எதுக்கு’ என்ற எண்ணங்களை யாரும் வகுப்பு எடுத்து மாற்றவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி ஓட்டிப் பார்த்தார்கள். ஊர் சிரிக்கும் என்பது ஓரளவு மெய். ஆபாசமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். விழுந்துவிடுவேன் என்பதும் ஓரளவு மெய்; விழுந்தார்கள். முடியாது என்பது மட்டும் பொய் என்று மிதித்தபோது தெரிந்தது. எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் பெரிய ஆய்வுக்கூடமாக அன்று எங்கள் செம்மண் சாலைகள் இருந்தன.

இரண்டாவது பாடம் நெடுவாசல். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மண் போய்விடும், தண்ணீர் போய்விடும் என்ற பயம் எங்கள் பெண்களின் தூக்கத்தைக் கெடுத்தது. வேளாண்மைக்குப் பாதிப்பு வராது, தேவையில்லாத அச்சம் என்று அரசுத் தரப்பு சொன்னது. பயத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற அதே வாக்கியம். பெண்கள் மாற்றிக்கொள்ளவில்லை. பயத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2020இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கறம்பக்குடி ஒன்றியமும் திருவரங்குளம் ஒன்றியமும் இடம்பெற்றன. அந்தப் பயத்தை அன்று ‘நேர்மறை’ ஆக்கியிருந்தால் எங்கள் ஒன்றியங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலுக்குப் போயிருக்குமா என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

என் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். இரவில் அரிக்கும் எண்ணத்தை விரட்டாதீர்கள், எழுதிப் போடுங்கள். ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள். எது கணக்கு, எது ஆரூடம், எது அடுத்தவர் உங்கள் வாயில் வைத்த சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வகையைத் தோழியோடு வாதாடி வெளியே தள்ளுங்கள். ஆரூடத்தைச் சிறிதாகச் செய்து பாருங்கள். கணக்கை மாற்றாதீர்கள், அதை யார் காதில் போட வேண்டும் என்று யோசியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் அதற்குக் கவிதையும் போதாது, தோழியும் போதாது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் 14416க்குப் பேசலாம். அங்கே கூட வருவதும் தோழியின் வேலைதான்.

உங்கள் தோழி கலங்கி வந்து மழை பெய்கிறது என்று சொன்னால், முதலில் வெளியே கை நீட்டிப் பாருங்கள். நனைந்தால், கொன்றை மரத்தைத் திட்டாதீர்கள்.